கோத்தன்பர்க் நகரில் ஒரு ராக் இசையரங்கு



இசை என்றதும் உங்களுள் சிலருக்குக் கருநாடக இசை நினைவுக்கு வரும். பலருக்குத் திரைப்படப் பாடல்கள் நினைவுக்கு வரும். ஒரு சிலருக்கு மேல்நாட்டு ராக் இசை நினைவுக்கு வரலாம். அந்த ஒரு சிலர் தம் வீட்டில் அவ்விசையைக் கேட்கத் தொடங்கியதும், "இது என்ன இரைச்சல்? நிறுத்து!" என்று பெரியவர்கள் அதட்டுவது வழக்கம். அவ்வாறு அதட்டிய பெரியவர்களுள் நானும் ஒருவன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியிலே பணியாற்றியவன், இயற்பியல் கற்பித்தவன், ஒலியின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். ஆயினும் என் வீட்டிலேயே ஒலித்த ஓர் ஒலியைக் காது கொடுத்துக் கேட்க எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது. அக்கதையையும், அதனூடே நான் கற்ற சில அறிவியல் உண்மைகளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நான் தலைமை ஆசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற ஆசிரியனின் முதல் வாரம் எத்தகையது என்பதை அதை நுகர்ந்தவரே அறிவர். காலை ஒன்பது மணிக்கு மணியோசை இல்லை. "வணக்கம் ஐயா" என்னும் குரல் இல்லை. இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்ற எண்ணமே நெஞ்சில் நிறைந்திருந்தது. அந்நிலையில், சுவீடன் நாட்டில் ஊர்தித் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளனாக இருந்த என் மகன், என்னையும் என் துணைவியாரையும் ஒரு மாதம் தன்னோடு வந்து தங்குமாறு அழைத்தான். ஜூன் மாதத் தொடக்கத்தில் நாங்கள் கோத்தன்பர்க் நகரை அடைந்தோம்.

கோத்தன்பர்க் சுவீடனின் இரண்டாவது பெரிய நகரம். எனினும், பெருநகரம் என்று சொல்வதற்கில்லை. மக்கள் தொகை இன்றும் ஏறத்தாழ ஆறு இலட்சமே. நம் சேலம் நகரைவிடச் சிறியது. 1621ஆம் ஆண்டில் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னரால் நிறுவப்பட்டது. யோத்தா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், மென்மையான களிமண் நிலத்தின்மீது அமைந்துள்ளது. இந்தக் களிமண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்கு ஒரு வேலை உண்டு.

இத்தகைய நடுத்தர நகருக்கு உலகப் புகழ் பெற்ற இசைக்குழுக்கள் ஏன் வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பக்கம் நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ. மறுபக்கம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன். இரண்டிலிருந்தும் சில மணி நேரப் பயணத்தில் இவ்வூரை அடையலாம். ஊரின் நடுவிலேயே உல்லேவி என்னும் பெரிய விளையாட்டரங்கு இருக்கிறது. 1958ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கு அது. டிராம் வண்டியில் ஏறினால் அதன் வாயிலிலேயே இறங்கலாம். ஆகவே மூன்று நாட்டு இரசிகர்கள் அங்கே கூடுவது எளிது.

நாங்கள் சென்ற இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மகன் என்னிடம், "அப்பா, வெள்ளிக்கிழமை மாலை உல்லேவியில் ஒரு கச்சேரி. உங்களுக்கும் சேர்த்து இரண்டு நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறேன். வருகிறீர்களா?" என்று கேட்டான். "யார் பாடுகிறார்கள்?" என்றேன். "ஃபூ ஃபைட்டர்ஸ்" என்றான். அப்பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய நினைவு எழுந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001ஆம் ஆண்டு. மகன் பதினோராம் வகுப்பில் இருந்தான். சென்னையிலிருந்த அவனுடைய மாமா அவனுக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்திருந்தார். அவன் ஓர் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அதே ஒலியைக் கிதாரில் எழுப்ப முயல்வான். அந்த நாடாவின்மீது எழுதியிருந்த பெயர் அதுவே. பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும் நான் அக்கிதாரைத் துணியில் சுற்றிப் பரணின்மேல் வைத்தேன். "தேர்வு முடிந்ததும் தருகிறேன்" என்றும் சொன்னேன். தேர்வு முடிந்தது, நல்ல மதிப்பெண் வந்தது, கல்லூரியும் கிடைத்தது. கிதாரின் நினைவு எனக்கு வரவில்லை. அவனும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே பெயரை அவன் வாயால் மீண்டும் கேட்டபோது, "வருகிறேன்" என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

இனி, இந்த இசையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்தில் ஒரு புதுவகை ராக் இசை பிறந்தது. அதற்குக் 'கிரஞ்ச்' என்று பெயர். அழுக்கு, கசடு என்பது அச்சொல்லின் பொருள். மினுமினுக்கும் உடைகளையும் ஆடம்பர மேடைகளையும் வெறுத்த இளைஞர்கள், கிழிந்த சட்டையோடும் கரகரத்த கிதார் ஒலியோடும் தம் உள்ளத்துச் சலிப்பையும் வேதனையையும் பாடினார்கள். நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்பன இவ்வகையின் புகழ் பெற்ற குழுக்கள். நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' என்னும் இசைத்தட்டு 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன். டிரம் வாசித்தவர் டேவ் குரோல். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் இருபத்தேழாம் வயதில், கோபேன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். புகழும் பொருளும் காலடியில் கிடந்தும் உள்ளத்து நோய் அவரை விடவில்லை. இளைஞர்களே, இவ்விடத்தில் ஒரு சொல். உள்ளத்துக்கு வரும் நோயும் உடம்புக்கு வரும் நோயைப் போன்றதே. அதற்கும் மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ அத்தகைய துன்பம் நேர்ந்தால் தனியே சுமவாதீர்கள். நம்பத்தகுந்த ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள்.

குழு கலைந்தது. டேவ் குரோல் சில மாதங்கள் இசைக்கருவியைத் தொடவே இல்லை. பின்பு அவ்வாண்டு அக்டோபரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, ஒரே வாரத்தில் ஓர் இசைத்தட்டுக்கு வேண்டிய பாடல்களைப் பதிவு செய்தார். டிரம், கிதார், குரல் ஆகிய ஏறக்குறைய எல்லாவற்றையும் அவர் ஒருவரே வாசித்தார், பாடினார். ஒருவராய்ச் செய்ததை ஒரு குழு செய்ததுபோல் தோன்றச் செய்ய, 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது இரவு வானில் தென்பட்ட இனந்தெரியாத ஒளிகளுக்கு நேசநாட்டு விமானிகள் வைத்திருந்த பெயர் அது. அவ்விசைத்தட்டு 1995 ஜூலை 4ஆம் நாள் வெளிவந்தது. பின்னர் உண்மையாகவே ஒரு குழு அமைந்தது. 1997இல் டெய்லர் ஹாக்கின்ஸ் என்பவர் டிரம் வாசிக்கச் சேர்ந்தார்.

இக்குழுவின் இசையையும், அக்காலத்தில் எழுந்த புஷ், கலெக்டிவ் சோல் போன்ற குழுக்களின் இசையையும் 'போஸ்ட் கிரஞ்ச்' என்பர்; அதாவது, கிரஞ்சுக்குப் பிந்தியது. கரகரத்த கிதாரும், மெதுவாகத் தொடங்கித் திடீரென உரத்து எழும் அமைப்பும் பழையனவே. ஆனால், மெட்டுத் தெளிவாக இருக்கும். பலரும் கூடிப் பாட ஏற்றதாக இருக்கும். வானொலியில் ஒலிபரப்ப ஏற்றதாகவும் இருக்கும். இக்காரணம் பற்றியே சில விமரிசகர்கள் அதனைச் சற்று இளக்காரமாகப் பேசினார்கள். மக்கள் கூடிப் பாடுவது ஒரு குறையாகுமா என்பதை நான் அன்று மாலை நேரில் பார்த்தேன்.

1969இல் பிறந்த டேவ் குரோலின் வாழ்வில் என் நெஞ்சைத் தொட்ட ஒரு செய்தி உண்டு. அவருடைய தாயார் வர்ஜீனியா மாநிலத்தில் பல ஆண்டுகள் அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டில் டிரம் வாங்க வசதி இல்லாத நாளில், சிறுவன் தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் குச்சிகளால் தட்டிப் பழகினான். பதினேழாம் வயதில் பள்ளியை விட்டு ஓர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் செல்ல விரும்பினான். அந்த ஆசிரியைத் தாய் இசைந்தாள். நான் இதனைப் பள்ளியை விடுவதற்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், அவளும் ஆசிரியை, நானும் ஆசிரியன். தன் மகன் தலையணையில் தட்டிய ஓசையை அவள் கேட்டாள். என் மகன் கிதாரில் எழுப்பிய ஓசையை நான் கேட்கவில்லை. கேட்டபிறகு மறுப்பது ஒன்று. கேளாமலே மறுப்பது வேறொன்று. அம்மகனும் ஆசிரியரை மறந்தாரில்லை. 2020ஆம் ஆண்டில், பெருந்தொற்றுக் காலத்தில், ஆசிரியர்களின் பாதுகாப்புக்காக வாதாடி அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

இனி அரங்கினுள் நுழைவோம். ஜூன் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அந்நாட்டில் அம்மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகே கதிரவன் மறைவான்; ஆகவே பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் இசை தொடங்கியது. ஐம்பதாயிரம் பேர் அளவில் கூடியிருந்தனர். தந்தையின் தோளில் அமர்ந்த குழந்தைகள் காதுகளைப் பெரிய மூடிகளால் மூடியிருந்தார்கள். மகன் என் கையிலும் இரண்டு நுரைத் தக்கைகளைக் கொடுத்து, "காதில் வைத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்றான். காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு நான்கு மணி. 91க்கு இரண்டு மணி. 94க்கு ஒரு மணி. 97க்கு அரை மணி. 100க்குக் கால் மணி. சுவீடனில் இசையரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபலைக் கடக்கக்கூடாது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் வரும் இடங்களில் 97ஐக் கடக்கக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. அவ்வரம்புக்குள் நடந்தாலும் மூன்று மணி நேரக் கச்சேரி வெறுங்காதுக்குத் தீங்கானது. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியின் அடியிலே நிற்கும் நம் பிள்ளைகளுக்கும், செவியிலே கருவியை மாட்டிக்கொண்டு முழு ஒலியில் கேட்கும் உங்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

முதற்பாட்டுத் தொடங்கியது. கிதாரின் ஒலி மெல்லிய மழைபோல எழுந்து, சிறிது நேரத்தில் இடிபோல முழங்கிற்று. அக்கரகரப்பு எவ்வாறு உண்டாகிறது? மின்கிதாரின் தந்தி அதிரும்போது உண்டாகும் சிறு மின்னலையைப் பெருக்கி ஒன்று பெரிதாக்குகிறது. பெருக்கியின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் அலையை உயர்த்த முயன்றால், அலையின் முகடு வளர இடமின்றி மழுங்கிவிடும். குன்றின் உச்சியைச் சீவிவிட்டாற்போலத் தட்டையாகும். அலையின் வடிவம் மாறினால், மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றும். அவையே அந்தக் கரகரப்பு. பழுது என்று பொறியாளர் விலக்கியதைக் கலைஞர் அழகு என்று எடுத்துக்கொண்டனர்.

மேற்சுரங்கள் பெருகும்போது பல சுரங்களை ஒருங்கே மீட்டினால் ஒலி குழம்பிவிடும். ஆகையால் இவர்கள் பெரும்பாலும் அடிச்சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டுமே சேர்த்து மீட்டுகிறார்கள். நம் முறையில் சொன்னால் சட்சமும் பஞ்சமமும். இதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் தம்புராவில் இடையறாது ஒலிக்கும் இரண்டு சுரங்கள் இவையல்லவா? இரைச்சல் என்று நான் தள்ளிய ஒலியின் அடியில் எனக்குத் தெரிந்த உறவு ஒன்று இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். டிரம்மின்மீது கோல் விழுவதைக் கண் முதலில் பார்க்கிறது. ஓசை சற்றுப் பின்னர்தான் காதை அடைகிறது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு அது வினாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாமதமாகும். பேரரங்குகளில் தொலைவில் இருப்போருக்காக நடுவிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்துவார்கள். அவற்றுக்குச் செல்லும் ஒலியை வேண்டுமென்றே அத்தனை நேரம் தாமதப்படுத்தி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் மேடையின் ஒலியும் நடுவின் ஒலியும் முன்பின்னாக வந்து, பாட்டு எதிரொலியாகச் சிதறிவிடும்.

மக்கள் தாளத்தோடு துள்ளத் தொடங்கினார்கள். என் காலடியில் தளம் இலேசாக அதிர்வதுபோலத் தோன்றிற்று. மகன் சிரித்துக்கொண்டே ஒரு வரலாறு சொன்னான். 1985ஆம் ஆண்டு ஜூன் 8, 9 ஆகிய நாள்களில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இதே அரங்கில் பாடினார். ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் குதித்தார்கள். அடியிலிருந்த மென்மையான களிமண் அத்தாளத்துக்கு ஏற்ப அசையத் தொடங்கியது, அதனோடு பார்வையாளர் மாடங்களும் அசைந்தன, கட்டடம் பழுதுற்றது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் சிறு விரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் உயர்வதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுவே ஒத்ததிர்வு. படைவீரர் பாலத்தின்மீது நடை ஒத்துச் செல்லலாகாது என்று நான் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னேன். அப்பாடத்திற்கு நேர்ச் சான்றான இடத்தில் என் காலே நின்றுகொண்டிருந்தது. நல்ல வேளை, 1985க்குப் பின் அதன் அடித்தளத்தை வலுப்படுத்தியிருந்தார்கள்.

இரண்டாம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. மேடையின் முன்விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த டேவ் குரோல் கால் தவறிக் கீழே விழுந்தார். பாட்டு நின்றது. உயரமான மேடை அது. அரங்கில் அத்தனை பேரும் அமைதியானார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரலே கேட்டது. தம் கால் ஒடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்றும், மருத்துவரிடம் சென்று அதைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வந்து பாடுவதாகவும் மல்லாந்து கிடந்தபடியே அறிவித்தார். நான் மகனிடம், "கச்சேரி முடிந்தது, வா, போகலாம்" என்றேன். அவன், "வருவதாகச் சொல்லியிருக்கிறாரே அப்பா, இருந்து பார்ப்போம்" என்றான்.

டிரம் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ் பாடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். குழுவினர் பிறருடைய பழைய பாடல்களைப் பாடி அவையைக் காத்தனர். அவை கலையவில்லை. பின்பு, உதவியாளர்கள் தாங்கிவர, டேவ் குரோல் மேடைக்குத் திரும்பினார். ஒரு நாற்காலியில் அமர்ந்தார். மருத்துவ உதவியாளர் ஒருவர் எதிரே குந்தி, அடிபட்ட காலை அசையாமல் இரு கைகளாலும் பற்றியிருந்தார். அந்நிலையிலேயே கிதாரை வாங்கிப் பாடத் தொடங்கினார். அப்போது எழுந்த ஆரவாரத்தை நான் எவ்வாறு சொல்வேன்! அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிகழ்ச்சி நடைபெற்றது. அவர் ஓரடி பாடினால் ஐம்பதாயிரம் பேர் மறுவடி பாடினார்கள். சொல் எனக்கு முழுதும் விளங்கவில்லை. பக்கத்தில் என் மகன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லும் விடாமல் பாடியது மட்டும் நன்றாக விளங்கியது. அவனுடைய இடக்கை விரல்கள், இல்லாத ஒரு கிதாரின் தந்திகளை அழுத்திக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். ஒடிந்த காலோடு பாடுவது வீரம், நீங்களும் அவ்வாறு செய்யுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. விளையாட்டில் அடிபட்ட பிள்ளையை உடனே உட்காரவைத்து மருத்துவரிடம் அனுப்பிய தலைமை ஆசிரியன் நான். அவரும் மருத்துவர் உதவியோடுதான் மேடை ஏறினார். பிறகு அறுவை மருத்துவம் செய்துகொண்டார். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த நிகழ்ச்சிகளைக் குழுவினர் கைவிட்டனர். நான் போற்றுவது வலியைப் பொறுத்ததை அன்று. கீழே விழுந்து கிடந்த அந்த நொடியிலும், காத்திருப்போர்க்கு ஒரு சொல் சொன்னாரே, அச்சொல்லைக் காத்தாரே, அதையே போற்றுகிறேன். கிதார்களின் கழுத்துகளும் விளக்குகளும் பொருத்திய அரியணை போன்ற ஓர் இருக்கையைச் செய்துகொண்டு, ஜூலை 4ஆம் நாள், முதல் இசைத்தட்டின் இருபதாம் ஆண்டு நிறைவன்று, வாஷிங்டன் நகரில் அதில் அமர்ந்து மீண்டும் பாடினார். அடுத்த ஆண்டு கால் முறிந்த மற்றொரு பாடகருக்கு அவ்விருக்கையைக் கடனாகவும் கொடுத்தார்.

கச்சேரி முடிந்து நள்ளிரவுக்கு அண்மையில் டிராம் வண்டியில் திரும்பினோம். வடவானில் அப்போதும் ஒரு வெளிச்சம் இருந்தது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நான், "தம்பி, தேர்வு முடிந்ததும் கிதாரைத் தருகிறேன் என்று சொன்னேன். மறந்துவிட்டேன். நான் செய்தது தவறு" என்றேன். அவன் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும் அப்பா. நீங்களே எடுத்துத் தருவீர்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். பிறகு கல்லூரிக்குப் போய்விட்டேன்" என்றான். அதில் குறை கூறும் குரலே இல்லை. அதுவே எனக்கு மிகவும் வலித்தது. ஐம்பதாயிரம் பேருக்குச் சொன்ன சொல்லை ஒரு பாடகர் ஒடிந்த காலோடு காத்தார். ஒரே ஒரு பிள்ளைக்குச் சொன்ன சொல்லை, இரண்டு காலும் நன்றாக இருந்த நான், பரண்மேல் ஏறிக் காக்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பரணில் ஏறினேன். துணி மக்கியிருந்தது, தந்திகள் துருப்பிடித்திருந்தன, கழுத்து வளைந்துபோயிருந்தது. தஞ்சையில் இசைக்கருவி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றேன். தந்தியை மாற்றலாம், கழுத்து நேராகாது என்று அவர் கையை விரித்தார். எனவே புதிதாக ஒன்று வாங்கி, அடுத்த விடுமுறைக்கு மகன் வந்தபோது அவன் கையில் கொடுத்தேன். பழைய கிதாரை எறியவில்லை. என் மேசைக்கு எதிரே சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அக்குழுவின் பயணமும் அதன்பின் மேடுபள்ளம் உடையதாகவே இருந்தது. 2021இல் ராக் இசைப் பெருமக்கள் அவையில் இடம்பெற்றது. 2022 மார்ச் 25ஆம் நாள் டெய்லர் ஹாக்கின்ஸ், கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், தம் ஐம்பதாம் வயதில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டனில் நடந்த நினைவு நிகழ்ச்சியில், அவருடைய பதினாறு வயது மகன் தந்தையின் இடத்தில் அமர்ந்து டிரம் வாசித்தான். அதே 2022இல் டேவ் குரோலின் ஆசிரியைத் தாயாரும் மறைந்தார். 2023இல் வந்த இசைத்தட்டை அவ்விருவர்க்கும் காணிக்கை ஆக்கினார்கள். முப்பது ஆண்டு நிலைத்த குழு என்றால், முப்பது ஆண்டு இன்பம் மட்டுமே கண்ட குழு என்று பொருளன்று.

மாணவர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்களுக்குப் பிடித்த இசையைப் பெரியவர்கள் இரைச்சல் என்றால், சினம் கொள்ளாதீர்கள். அருகில் உட்காரவைத்து, ஒலியைச் சற்றுக் குறைத்து, அது எதனால் உங்களுக்குப் பிடிக்கிறது என்று விளக்கிச் சொல்லுங்கள். படிப்புக்கு உரிய நேரத்தைப் படிப்புக்குக் கொடுங்கள். அதற்காக உங்கள் கிதாரையோ, மிருதங்கத்தையோ, வண்ணப் பெட்டியையோ யாரேனும் எடுத்து வைத்தால், தேர்வு முடிந்த அன்றே தயங்காமல் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் மறந்துபோவார்கள். அது கொடுமையினால் அன்று. உங்களுக்கு அது எத்துணைப் பெரிது என்பது தெரியாமையினால். இந்நூலைப் படிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் எவரேனும் இருப்பின், அவர்கள் இன்று ஒருமுறை தம் வீட்டுப் பரணை ஏறிப் பார்ப்பார்களாக.